சேறில்லாத தொட்டியில் சேற்று மீன்

ஜப்பானின் கியூஷு தீவில், ஓய்ட்டா மாகாணத்தைச் சேர்ந்த ஊர் உசா. அங்கே கூரைக்கு அடியில் வரிசையாகத் தொட்டிகளை அமைத்து, நிலத்தடி நீரைப் பாய்ச்சி ஒரு மீனை வளர்க்கிறார்கள். தொட்டியின் அடியில் ஒரு பிடி சேறுகூடக் கிடையாது. வளர்வதோ, காலம் காலமாகச் சேற்றோடு சேர்த்தே மனிதர்கள் நினைத்துவந்த மீன். நெல் வயலின் களிமண்ணுக்குள் புதைந்து குளிர்காலத்தைக் கழிப்பது, வாய்க்கால் வற்றினால் ஈரச் சேற்றில் பதுங்கி அடுத்த மழைக்குக் காத்திருப்பது என்று வாழும் உயிர். அதைச் சேற்றிலிருந்து பிரித்தெடுத்து வெறும் தண்ணீரில் விட்டால் செத்துப்போகும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். சாகவில்லை. நன்றாகக் கொழுக்கிறது, முள் மெலிதாக இருக்கிறது, சேற்று வாடையும் இல்லை.

இந்த மீனின் பெயர் டோஜோ. கொரியாவில் மிக்குராஜி என்பார்கள். சீனம், கொரியா, ஜப்பான், தைவான், வடக்கு வியட்நாம் ஆகிய நெல் விளையும் நாடுகளின் மீன் இது. 1842-இல் தியோடர் கேன்டர் என்ற டேனிஷ் மருத்துவர் சீனக் கடற்கரையை ஒட்டிய சௌஷான் தீவில் கிடைத்த மீன்களை வைத்து இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். விலாங்கைப் போல நீண்ட உடல், வாயைச் சுற்றிப் பத்து மீசைகள், தொட்டால் கையை விட்டு நழுவும் வழவழப்பு. நமக்கு இது அந்நியமான கூட்டமும் அல்ல. மதுரைப் பக்கத்துச் சமையலறைகளில் குழம்பாகும் அயிரை இதே குடும்பத்தைச் சேர்ந்தது. டோஜோவை நம் அயிரையின் பெரிய உடம்புக்காரச் சொந்தம் என்று நினைத்துக்கொண்டால் போதும்; அயிரை விரல் நீளத்தைத் தாண்டுவதே அரிது, டோஜோ ஒரு சாண் வரை வளரும்.

கிழக்காசியாவில் இதைக் குளங்களில் வளர்ப்பது பழைய வழக்கம். அந்தக் குளங்களின் அடியில் ஒரு சாண் அளவுக்குச் சேறு இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள். மீனுக்கு வேண்டியது சேறு, எனவே சேறு கொடு என்பது நியாயமான கணக்கு. சிக்கல் அறுவடையில்தான் தொடங்கும். தண்ணீரை வடித்தால் கெண்டையும் கட்லாவும் துள்ளிக்கொண்டு மேலே கிடக்கும்; டோஜோவோ தண்ணீர் குறையக் குறையக் கீழே போகும். குளம் காலியானதும் மீனையே காணோம். சேற்றைக் கையால் துழாவ வேண்டும், அல்லது தீனி வைத்த பொறிகளை இரவில் போட்டு நாள்கணக்கில் பிடிக்க வேண்டும். அப்படியும் ஒரு பங்கு உள்ளேயே தங்கிவிடும். நடுவில் நோய் வந்தால் எத்தனை மீன் செத்தது என்றுகூடத் தெரியாது, செத்ததும் சேற்றுக்குள்தான் கிடக்கும். வரப்பில் ஒரு நண்டு வளை இருந்தால் அது வழியே நழுவி அடுத்த வயலுக்குப் போய்விடும். மழைநாளில் மடையிலிருந்து விழும் தண்ணீரை எதிர்த்து ஏறித் தப்பும். குளத்தில் எவ்வளவு இருக்கிறது என்று தெரியாமல் எவ்வளவு தீனி போடுவது? வளர்ப்பவர் கண்ணைக் கட்டிக்கொண்டு தொழில் செய்த மாதிரிதான்.

சேற்றை எடுத்துவிடலாமே என்ற யோசனை இந்தத் தொல்லையிலிருந்து பிறந்தது. ஆனால் எடுத்தவர்கள் ஒரு கேள்விக்குப் பதில் தேட வேண்டியிருந்தது: சேறு இந்த மீனுக்கு என்னதான் செய்துவந்தது? என்னை ஈர்ப்பது இந்தக் கேள்விதான். ஒரு உயிர் ஓரிடத்தில் வாழ்வதைப் பார்த்து, அந்த இடம் முழுவதுமே அதற்குத் தேவை என்று எண்ணிவிடுகிறோம். இடத்தை ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பார்க்கும்போதுதான் உயிரின் உண்மையான தேவை வெளிப்படுகிறது.

முதலில் மறைவு. டோஜோ வெளிச்சத்தை விரும்பாத மீன், இரை தேடுவது பெரும்பாலும் இருட்டிய பிறகு. பகலில் அதற்கு வேண்டியது இருட்டும், உடம்பை ஒட்டி உரசும் ஏதாவது ஒரு பொருளும். வெறும் தரையில் விட்டால் மீன்கள் மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக முண்டியடித்துக் குவியும். சீன வளர்ப்பாளர்கள் இதற்குப் பலவற்றையும் போட்டுப் பார்த்தார்கள். துண்டு துண்டாக வெட்டிய பிவிசி குழாய்கள், மூங்கில் குழல்கள், ஓட்டைச் செங்கல், தண்ணீருக்குள் அமிழ்த்திக் கட்டிய துளையிட்ட பஞ்சுப் பலகை, ஆகாயத்தாமரைபோல வேர் தொங்கும் மிதவைச் செடி. மீன் அனைத்தையும் ஏற்றுக்கொண்டது. குழாய்க்குள் நுழைந்து நான்கு பக்கமும் உடல் ஒட்டியபடி அமைதியாகக் கிடந்தது. அதாவது சேற்றின் மண்ணை அது தேடவில்லை, சேறு தந்த அணைப்பைத் தேடியது. தொட்டிக்கு மேலே நிழல்வலை கட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொன்றையும் வளர்ப்பாளர்கள் கவனித்தார்கள். சொரசொரப்பான சிமெண்ட் இந்த மீனுக்கு ஆகாது. இதன் செதில்கள் மிகச் சிறியவை, தோலில் புதைந்தவை; உடலைக் காப்பது வழவழப்பான கோழைதான். அந்தக் கோழை சாதாரணமானதல்ல. 1997-இல் கொரிய ஆய்வாளர்கள் டோஜோவிலிருந்து நுண்ணுயிர்களைக் கொல்லும் ஒரு சிறு புரதத்தைப் பிரித்தெடுத்து மிஸ்குரின் என்று பெயர் வைத்தார்கள். இப்படிப்பட்ட காப்பு சுவரில் உராய்ந்து கிழிந்தால் புண் வழியாகத் தொற்று நுழைந்துவிடும். ஆகவே வழவழப்பாகப் பூசிய சுவர் அல்லது வட்டமான தார்ப்பாய்த் தொட்டிதான் இதற்கு ஏற்றது. புதிய சிமெண்ட் தொட்டி என்றால் பலமுறை தண்ணீர் நிரப்பி வடித்துக் காரம் போக்கிய பிறகே மீனை விட வேண்டும்.

அடுத்தது மூச்சு. இங்கேதான் டோஜோ நம்மை உட்காரவைத்து வேடிக்கை பார்க்கச் சொல்கிறது.

காற்றைக் குடிக்கும் மீன்கள் நமக்குப் புதியவை அல்ல. விரால், தலைக்குள் செவுளுக்கு மேலே உள்ள ஒரு அறையில் காற்றை வாங்கிக்கொள்கிறது. தேளிக்கு முதுகோரம் நுரையீரல்போல நீண்ட பைகள் உண்டு. பனையேறிக் கெண்டைக்குச் செவுளின் மேலே மடிப்பு மடிப்பாக ஓர் உறுப்பு இருக்கிறது. மூன்றுமே மேற்பரப்புக்கு வந்து காற்றை வாங்கி, உள்ளே வைத்திருந்து, திரும்ப வெளியே விடும். டோஜோவின் வழி வேறு. அது மேலே பாய்ந்து ஒரு வாய் காற்றை விழுங்குகிறது. காற்று இரைப்பையைத் தாண்டி நேராகக் குடலுக்குப் போகிறது. குடலின் பின்பகுதி பிற மீன்களுடையதுபோல் இல்லை. சுவர் காகிதமாக மெலிந்து, இரத்த நுண்குழாய்கள் அடர்ந்து, அவை மேற்பரப்புக்கு மிக நெருங்கி வந்திருக்கின்றன. அங்கே ஆக்சிஜன் இரத்தத்தில் கலக்கிறது. மிச்சக் காற்று பின்வழியாகக் குமிழியாக வெளியேறுகிறது. உள்ளே போவது ஒரு வாசல், வெளியே வருவது இன்னொரு வாசல். நம் நுரையீரலில் பழைய காற்றும் புதிய காற்றும் ஒரே குழாயில் மாறி மாறி ஓடுகின்றன. இந்தச் சிறு மீனுக்கோ ஒருவழிப் பாதை.

இதை முதலில் கண்டு எழுதியவர் பெர்லினைச் சேர்ந்த இயற்பியலாளர் பவுல் எர்மன். 1808-இல் அவர் ஆராய்ந்தது டோஜோவின் ஐரோப்பியச் சகோதரனை. புயல் வருமுன் அந்த மீன் அமைதியிழந்து தண்ணீரில் மேலும் கீழும் அலைவதைக் கண்ட ஐரோப்பியக் குடியானவர்கள் அதை வானிலை மீன் என்று அழைத்தார்கள். டோஜோவுக்கும் அந்தக் குணம் உண்டு. காற்றழுத்தம் இறங்கும் நாள்களில் தொட்டியில் மீன்கள் பரபரப்பாக இருப்பதை வளர்ப்பவர்கள் கவனித்து, மழைக்கு முன்பே கரைவலையைச் சரிபார்த்துக்கொள்வார்கள். மழையன்று ஈரமான சுவரில்கூட ஏறித் தாண்டிவிடும் என்பதால் இது பயனுள்ள எச்சரிக்கை.

தண்ணீரில் ஆக்சிஜன் போதுமான அளவு இருந்தால் டோஜோ செவுளாலும் தோலாலும் சமாளித்துக்கொள்ளும். குறையக் குறைய மேலே வரும் தடவைகள் கூடும். நெல் வயலில் கோடை வெயில் தண்ணீரைச் சூடாக்கி, அழுகும் தாள்கள் ஆக்சிஜனை எல்லாம் தின்றுவிட்ட நாளிலும் இது பிழைத்துக் கிடப்பதற்கு இதுவே காரணம். நெருக்கமாக அடைத்த தொட்டியில் பிற மீன்கள் மிதந்துவிடும் வேளையிலும் இது தாக்குப்பிடிப்பதற்கும் இதுவே காரணம். சேற்று வாழ்க்கைக்கென்று உருவான திறமைதான் சேறில்லாத வாழ்க்கையையும் சாத்தியமாக்கியிருக்கிறது.

ஆனால் ஒரே குடல் இரண்டு வேலை செய்வதற்கு ஒரு விலை உண்டு. முன்பகுதி செரிக்கிறது, பின்பகுதி சுவாசிக்கிறது. செரித்த மிச்சத்தை இறுக்கி, கோழையில் பொதிந்து, சுவாசப் பகுதியில் அப்பிக்கொள்ளாதபடி கடத்திவிடும் ஏற்பாடு உடலுக்குள்ளேயே இருக்கிறது. இருந்தாலும் அளவுக்கு மீறித் தின்றால் வழி அடைபடும். இது பெருந்தீனி மீன், கொடுத்ததையெல்லாம் தின்னும். வயலில் அப்படி அள்ளிக் கொடுக்க யாரும் இல்லை. தொட்டியில் வளர்ப்பவரின் கை இருக்கிறது. ஆகவே சீனக் கையேடுகள் கொஞ்சம் கொஞ்சமாக, பலமுறையாகத் தீனி போடச் சொல்கின்றன, வெப்பமான நாள்களில் இன்னும் குறைக்கச் சொல்கின்றன. அதிகம் போட்டால் மீன் மூச்சுமுட்டிச் சாகும் என்பது மீன் வளர்ப்பில் அரிதான எச்சரிக்கை.

இந்தக் குடல் மூச்சு மருத்துவமனை வரைக்கும் வந்துவிட்டது. தகானோரி தகேபே என்ற ஜப்பானிய மருத்துவ ஆய்வாளர், டோஜோவின் வழியைப் பாலூட்டிகளுக்கும் பயன்படுத்த முடியுமா என்று யோசித்தார். 2021-இல் அவருடைய குழு வெளியிட்ட ஆய்வில், ஆக்சிஜன் மிகக் குறைந்த சூழலில் வைத்த எலிகள் பதினொரு நிமிடத்துக்குள் இறந்தன. குடல் வழியாக ஆக்சிஜன் செலுத்தப்பட்டவற்றில் நான்கில் மூன்று பங்கு ஐம்பது நிமிடம் உயிரோடிருந்தன. பிறகு ஆக்சிஜனை நிறையக் கரைத்துக்கொள்ளும் ஃபுளோரின் சேர்ந்த ஒரு திரவத்தை எலிகளிலும் பன்றிகளிலும் பின்வழியாகச் செலுத்திப் பார்த்தார்கள். இரத்தத்தில் ஆக்சிஜன் ஏறியது. 2025-இல் ஆரோக்கியமான 27 ஆண்களிடம் ஆக்சிஜன் ஏற்றாத திரவத்தைச் செலுத்தி, உடல் அதைத் தாங்குகிறதா என்பதை மட்டும் சோதித்த முதல் மனித ஆய்வு வெளிவந்தது. நுரையீரல் ஓய்ந்த நோயாளிக்கு இது கைகொடுக்கும் நாள் இன்னும் தொலைவில்தான். ஆனாலும் கலங்கிய வயல்நீரில் ஒரு மீன் கற்றுக்கொண்ட வித்தை தீவிர சிகிச்சைப் பிரிவின் சிந்தனைக்குள் நுழைந்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

சேற்றின் இன்னொரு வேலை கண்ணுக்குத் தெரியாதது, தொட்டிக்காரருக்கு மிகவும் செலவு வைப்பதும் அதுதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாக மாறும். அம்மோனியா மீனுக்கு நஞ்சு. குளத்துச் சேற்றின் மேல்படலத்தில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாக்கி, பிறகு நைட்ரேட்டாக்கி நஞ்சை முறிக்கின்றன. சேற்றை எடுத்துவிட்டால் அந்தத் துப்புரவுப் பணியாளர்கள் பெரும்பகுதி போய்விடுவார்கள். அவர்களுடைய வேலையை இப்போது மோட்டார் செய்ய வேண்டும். ஒன்று, உசாவைப் போல நிலத்தடி நீர் இடைவிடாமல் ஓட வேண்டும். இல்லாவிட்டால் அதே பாக்டீரியாக்களைப் பிளாஸ்டிக் வில்லைகளில் குடியேற்றி, வடிகட்டித் தொட்டி வைத்துத் தண்ணீரைச் சுற்றவிட வேண்டும். தொட்டியின் நடுவில் பள்ளம் வைத்து, கழிவு சுழன்று அங்கே சேர, தினமும் திறந்துவிட வேண்டும். மின்சாரம் இல்லாத ஊரில் சேறுதான் மலிவான வடிகட்டி, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதே சேறு தடித்து உள்ளே காற்றில்லாமல் அழுகினால், அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடைக் கக்கும். அந்த அபாயம் தொட்டியில் இல்லை.

இங்கும் டோஜோ தன் பங்குக்கு உதவுகிறது. 2002-இல் சிங்கப்பூர், ஹாங்காங் ஆய்வாளர்கள் சேர்ந்து ஒரு விநோதத்தை வெளியிட்டார்கள். சுற்றிலும் அம்மோனியா மிகுந்து, உடலில் சேர்ந்ததைச் செவுள் வழியே வெளியேற்ற முடியாமல் போகும்போது, இந்த மீன் அதை வாயுவாக்கி வெளியே அனுப்புகிறது. செரிமானக் குழாயின் முன்பகுதியில் காரத்தன்மையைக் கூட்டிக்கொள்கிறது. கார நிலையில் அம்மோனியா கரைந்திருக்க முடியாமல் ஆவியாகும். விழுங்கிய காற்று அதைச் சுமந்து போய்விடும். காற்றில் எடுத்து வைத்தால் தோலின் மேற்பரப்பிலும் இதே வேலையைச் செய்கிறது. வற்றிய வயலில் ஈரச் சேற்றுக்குள் வாரக்கணக்கில் கிடக்கும் உயிருக்குத் தன் கழிவைக் கரைக்கத் தண்ணீர் ஏது? அந்த நெருக்கடிக்குக் கிடைத்த விடை இது. மூச்சு விடுவதும் கழிவு போக்குவதும் ஒரே விழுங்கலில் நடக்கின்றன.

வெப்பத்தையும் வறட்சியையும் பற்றி நீட்டத் தேவையில்லை. டோஜோவுக்கு இதமானது 25 டிகிரி அளவிலான தண்ணீர். அதைவிட மிகவும் கூடினாலோ குறைந்தாலோ தீனியை விட்டுவிட்டுப் புதைந்துகொள்ளும். சேற்றின் ஆழம் வயல்நீரைவிடக் கோடையில் குளிர்ந்தும் குளிர்காலத்தில் கதகதப்பாகவும் இருக்கும். ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே வெப்பத்தில் வரும் நிலத்தடி நீரைக் கூரைக்குக் கீழே ஓடவிட்டால் புதைய வேண்டிய காரணமே இல்லாமல் போகிறது.

இனி வாடை. சேற்று மீனைச் சாப்பிடத் தயங்குபவர்கள் சொல்லும் முதல் காரணம் அது. டோக்கியோவின் அசகுசாவில் 1801 முதல் நடக்கும் கொமகதா டோஜோ கடையில் மீனை உயிரோடு சாகே மதுவில் ஊறவைத்து, பிறகுதான் ஆழமில்லாத சட்டியில் வேகவைக்கிறார்கள். மதுரையில் அயிரையை உயிரோடு வாங்கி வந்து பாலிலோ தேங்காய்ப்பாலிலோ விட்டு மண் கக்க வைப்பதும், மண்சட்டியில் கல் உப்புப் போட்டு உரசி உரசிக் கழுவுவதும் இதே குடும்பத்து மீனுக்கு வேறொரு ஊர் கண்ட வழி. மண் துகள் இதனால் போய்விடும். வாடை முழுவதும் போகாது, ஏனென்றால் அது மண்ணின் வாடையே அல்ல. 1965-இல் கெர்பர், லெசெவாலியே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த மணத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்து ஜியோஸ்மின் என்று பெயரிட்டார்கள். ஆக்டினோமைசீட் என்னும் மண்வாழ் பாக்டீரியாக்களும் சில நீலப்பச்சைப் பாசிகளும் அதைச் சுரக்கின்றன. முதல் மழையில் தரையிலிருந்து கிளம்பி நம்மை மயக்கும் மண்வாசனையில் இருப்பதும் இதுதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 10 நானோகிராம் இருந்தால்கூடப் பலரின் மூக்கு கண்டுபிடித்துவிடும். ஒரு நானோகிராம் என்பது ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் கிடைக்கும் துணுக்கு. வாசலில் மணக்கும் அதே பொருள் தட்டில் வந்தால் முகம் சுளிக்க வைக்கிறது.

ஜியோஸ்மின் தண்ணீரிலிருந்து செவுள் வழியாக மீனின் உடலுக்குள் புகுந்து கொழுப்பில் தங்கும். அதனால்தான் சேற்றை எடுத்துவிட்டால் மட்டும் வாடை தானாகப் போய்விடாது. தொட்டிச் சுவரில் பாசி படிந்தாலும், சுழற்சித் தொட்டியின் வடிகட்டியில் அந்தப் பாக்டீரியாக்கள் குடியேறினாலும், சேறே பார்க்காத மீனிலும் சேற்று வாடை வரும். உசாவின் மீனுக்கு வாடை இல்லாததில் சேறின்மைக்கு எவ்வளவு பங்கோ, அதே அளவு பங்கு கூரையின் நிழலுக்கும் இடைவிடாமல் ஓடும் சுத்தமான தண்ணீருக்கும் உண்டு. விற்பதற்கு முன் சில நாள் தீனியை நிறுத்திச் சுத்த நீரில் மீனை நிறுத்திவைப்பதும் இதற்காகத்தான். கொழுப்பில் தங்கியது மெல்ல மெல்லக் கழுவப்பட்டு வெளியேறும். சேறில்லாத வளர்ப்பில் இறங்குபவர்கள் இதைத் தெரிந்துகொள்ளாமல் வெறும் தார்ப்பாயை நம்பினால் ஏமாந்துபோவார்கள்.

பெரிய மீனின் தாங்குதிறனைப் பார்த்துக் குஞ்சுகளை எடைபோடக் கூடாது. ஒரு மில்லிமீட்டர் அளவேயான முட்டைகள் மிதமான வெப்பத்தில் இரண்டு நாளில் பொரிக்கின்றன. வெளிவரும் குஞ்சுக்குக் குடல் மூச்சு கிடையாது. தலையோரம் தும்புபோல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் தற்காலிகச் செவுள்கள்தான் உண்டு. அவை சில நாளில் மறைந்து உட்செவுள்கள் பொறுப்பேற்கும். குடல் மெலிந்து காற்றுக்குத் தயாராக வாரங்கள் ஆகும். அதுவரை தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனே கதி. பெரிய டோஜோ சிரமமில்லாமல் வாழும் தண்ணீரில் குஞ்சு மூச்சுத் திணறி இறக்கும். முதல் இரையும் நுண்ணியதாக இருக்க வேண்டும்: ரோட்டிஃபர் போன்ற நுண்ணுயிர்கள், தண்ணீர்த் தெள்ளுகள், அவித்த முட்டையின் மஞ்சள் கரு. தட்டான் பூச்சியின் நீர்வாழ் இளம்பருவம் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். திறந்த குளத்தில் பெரிய இழப்பு இந்தக் கட்டத்தில்தான் நேரும், தொட்டியின் பெரிய லாபமும் இங்கேதான். வலை மூடி, காற்றுக் குழாய் விட்டு, தினமும் எண்ணிப் பார்த்து வளர்க்கலாம்.

இதைப் பெருந்தொழிலாக்கியது சீனம். அங்கே ஆண்டுக்கு மூன்று லட்சம் டன்னுக்கும் மேல் உற்பத்தியாகிறது. ஜியாங்சு மாகாணத்தில் லியன்யுன்காங்கை ஒட்டிய துன்ஷாங் வட்டாரம் இதற்குப் பேர்போனது. அங்கிருந்து உயிர்மீன்கள் கொரியாவுக்குப் போகின்றன. கொரியர்களுக்கு இது இலையுதிர் காலத்து உணவு. மீனை முள்ளோடு அரைத்து, காரமும் கீரையும் சேர்த்துக் கொதிக்கவைக்கும் ச்சுவோத்தாங் என்ற கெட்டியான சூப், நம்வோன் நகரத்தின் அடையாளம். முள்ளோடு அரைப்பதால் சுண்ணாம்புச் சத்து நிறைய. உள்நாட்டு மீன் போதாமல் சீன மீனை வாங்குகிறார்கள்.

2010-களில் சீனக் குளங்களுக்குள் இன்னொரு மீன் நுழைந்தது. தைவான் டோஜோ என்று விற்கப்படும் அது, செதில் பெரிய வேறொரு இனம். நான்கு மாதத்தில் சந்தைக்கு வரும் அளவு வேகமாக வளர்ந்தது. சேற்றில் புதையும் பழக்கம் அதற்குக் குறைவு. மேலே வந்து மிதக்கும் உருண்டைத் தீனியைத் தின்றது. சேறில்லாத குளமுறை பரவியதற்குத் தொட்டியின் வடிவமைப்பைவிட இந்த மீனின் குணம்தான் அதிகம் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு. மீனுக்கேற்பத் தொட்டியை மாற்றியது பாதி. தொட்டிக்கேற்ற மீனைத் தேடிக்கொண்டது மறுபாதி. சேற்றில் கிடைத்த புழுவும் பாசியும் இல்லாமல்போன இடத்தை உருண்டைத் தீனி நிரப்பியது. செலவில் பெரும்பகுதி அதற்கே போகிறது.

டோஜோவில் பெண்ணே பெரியது. ஆண் மெலிந்தது, அதன் மார்புத் துடுப்பு கூராக நீண்டு, அடியில் ஓர் எலும்புத் தகடு இருக்கும். முட்டையிடும் வேளையில் ஆண் பெண்ணின் இடுப்பைச் சுற்றி வளையமாக இறுக்கிக்கொள்ளும். எடைக்கு விற்பவர்களுக்குப் பெண் மீன் மட்டும் வேண்டும் என்ற ஆசை வருவது இயல்பு. இந்த இனத்தின் மரபியலும் அதற்கு இடம் கொடுக்கும் அளவுக்கு விசித்திரமானது. சாதாரண டோஜோவுக்கு 50 குரோமோசோம்கள். சீனத்தில் 100 உள்ளவையும் இயற்கையிலேயே உண்டு. ஜப்பானின் ஹொக்கைடோவிலும் நோதோ தீபகற்பத்திலும் தாயின் அச்சு அசலான நகல்களாகவே பிறக்கும் வம்சங்கள் இருக்கின்றன. அங்கே ஆணின் விந்து முட்டையை விழிக்கவைக்கும், தன் மரபை அதில் சேர்க்காது.

சேறு செய்துவந்த எல்லா வேலைகளுக்கும் தொட்டியில் மாற்று கிடைத்துவிட்டதா? மீனுக்குக் கிடைத்துவிட்டது. மீனை நம்பியிருந்தவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஜப்பானின் சாடோ தீவில் டோக்கி என்ற செவ்வண்ண முகமுடைய அரிவாள் மூக்கன் பறவைக்கு டோஜோ முக்கியமான இரை. பூச்சிமருந்தும், வயலுக்கும் வாய்க்காலுக்கும் நடுவே உயரம் வைத்துக் கட்டிய சிமெண்ட் கால்வாய்களும் டோஜோவின் வழியை அடைத்தன. முட்டையிட வயலுக்கு ஏற வேண்டிய மீன் கால்வாயிலேயே நின்றுவிட்டது. 1981-இல் ஜப்பானின் கடைசி ஐந்து காட்டுப் பறவைகளைப் பிடித்துக் கூண்டில் வைத்தார்கள். ஜப்பானில் பிறந்த கடைசிப் பறவை 2003-இல் இறந்தது. சீனத்தின் ஷான்சி மாகாணத்தில் அதே 1981-இல் கண்டெடுக்கப்பட்ட ஏழு பறவைகளின் வழித்தோன்றல்களைக் கொண்டுவந்து பெருக்கி, 2008-இல் சாடோவில் திறந்துவிட்டார்கள். பறவை பிழைக்க மீன் வேண்டும், மீன் பிழைக்க வயல் வேண்டும். மருந்தைக் குறைத்தார்கள், குளிர்காலத்திலும் வயலில் நீர் நிறுத்தினார்கள், கால்வாயிலிருந்து வயலுக்கு மீன் ஏறச் சிறு படிப்பாதைகள் வைத்தார்கள். இன்று ஐந்நூறுக்கும் மேற்பட்ட பறவைகள் அங்கே காட்டில் வாழ்கின்றன. நம் சங்கப் பாடல்களிலும் அயிரையைத் தேடி நிற்கும் குருகு வருகிறது. இந்தக் குடும்பத்து மீனும் நீர்ப்பறவையும் வயலும் ஒரே கணக்கில் அடங்கியவை. தொட்டி மீன் சட்டிக்கு வரும், கொக்கின் அலகுக்கு வராது.

டோஜோ தப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் சாட்சிகள் உண்டு. 1930-களின் இறுதியில் அமெரிக்காவின் மிச்சிகனில் ஷியாவாசி ஆற்றில் தென்பட்டது. அலங்கார மீனாகப் போன ஆஸ்திரேலியாவில் 1980-களில் ஆறுகளில் பரவி, 1986-இல் இறக்குமதிக்குத் தடை வந்தது. மூச்சுக்குக் காற்று, கழிவுக்குக் காற்று, வறட்சிக்குச் சேறு என்று எல்லாவற்றுக்கும் மாற்று வைத்திருக்கும் மீனை ஒருமுறை விட்டால் திரும்பப் பிடிக்க முடியாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி நம் ஏரிகளில் செய்துகொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. டோஜோவைத் தமிழ்நாட்டுக்கோ இலங்கைக்கோ கொண்டுவர யாராவது ஆசைப்பட்டால் நான் உறுதியாக எதிர்ப்பேன்.

கற்றுக்கொள்ள வேண்டியது இடத்தை ஒவ்வொரு வேலையாகப் பிரித்துப் பார்க்கும் அந்த முறையைத்தான். அதை நம் அயிரைமேல் பயன்படுத்தலாம். அயிரையை 1846-இல் வலென்சியென் என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அறிவியலுக்கு விவரித்தது திருகோணமலைக்கு அருகே கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் கிடைத்த மீன்களைக் கொண்டு. வெப்பத்துக்கு அஞ்சாத மீன் என்பதற்கு வெந்நீர் ஊற்றை நினைவூட்டும் அதன் அறிவியல் பெயரே சான்று. சந்தைக்கு வருவது பெரும்பாலும் கண்மாயிலும் ஆற்றிலும் பிடிபடுவதுதான். ஆற்றில் மணல் அள்ளிய இடத்தில் அயிரையும் போய்விடுகிறது. இது சேற்றைவிட மணலை நாடும் மீன். பகலில் மணலுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியே வைத்திருக்கும். மணலை வாயில் வாங்கி, இரையைப் பிரித்துக்கொண்டு, செவுள் வழியே உதிர்க்கும். ஆகவே இதற்கான தொட்டியில் கவனிக்க வேண்டியது சேறல்ல, மணல். மெல்லிய மணல்படுகை ஒன்றை வைத்து, அடியிலிருந்து தண்ணீர் மேலேறி அந்த மணலைக் கழுவிக்கொண்டே இருக்கும்படி அமைப்பதில் தொடங்கலாம். உருவத்தில் சிறியது என்பதால் எடைக் கணக்கில் டோஜோவோடு போட்டிபோட முடியாது. மதுரைச் சந்தையில் உயிர் அயிரைக்குக் கொடுக்கப்படும் விலை அந்தக் குறையைச் சரிக்கட்டும்.